தலைப்பெழுத்து

ஹான்லி அருங்காட்சியகத்துக்கு எல்லோரும்
பீங்கான் பார்க்க வருகிறார்கள்.
நான் அதற்கும் கீழே
கொதிகலன் அறையை ஒட்டி
மட்டிகளோடு இருக்கிறேன்.

மட்டி என்றால் முட்டாள் என்றும் பொருளுண்டு.
முப்பத்தொரு கோடி வருடம்
வாயை மூடிக்கொண்டிருந்ததை அப்படிச் சொல்ல
எனக்கு மனமில்லை.

இழுப்பறை நாற்பத்தேழு.
சுரங்கத்தின் கூரையிலிருந்து பெயர்ந்த கருந்தகடுகள்.
அவற்றில் கட்டைவிரல் நக அளவில் இரட்டை ஓடுகள்,
சில இறுக்கமாக,
சில ஒன்றுமில்லை என்று கைவிரித்தபடி.

கார்பனிகோலா.
கரியில் குடியிருப்பது என்று அர்த்தம்.
ஆனால் இது ஒருநாளும் கரியைக் கண்டதில்லை.
நல்ல தண்ணீரில், சேற்றில் தன் ஒற்றைக் காலை ஊன்றி வாழ்ந்து
கரையில் காடு பச்சையாக நின்றபோதே செத்துப்போனது.
கரி பிறகு வந்தது.
பெயர் அதற்கும் பிறகு.

பெயர்கள் இரண்டு வகை என்று பள்ளியில் படித்தேன்:
இடுகுறி, காரணம்.
இங்கே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது:
முதலாளிக்கு நன்றி.
1891இல் சுரங்க மருத்துவர் ஆம்ப்ரோஸ் மேச்சின்
தடித்த ஓட்டுக்குக் கா. வெட்டன்ஹாலி என்று பெயரிட்டார்,
குழிகளின் சொந்தக்காரர் வெட்டன்ஹால் மகிழும்படி.
ஒல்லியானதற்குக் கா. லிடியே.
லிடியா யார் என்று எங்கும் எழுதவில்லை.

ஆம், இவற்றுக்கும் நம்மைப்போல்
தலைப்பெழுத்து முன்னால், பெயர் பின்னால்.
முதல் நாளே பார்த்துச் சிரித்துவிட்டேன்.
என் கழுத்து அட்டையில் அப்பா முழுசாக இருக்கிறார்,
நான் ஓர் எழுத்தாக.
ஹான்லி எந்தத் திசை என்றே அறியாத மனிதர்.
தினமும் இங்கே அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

1936இல் மிஸ் வினிஃப்ரெட் சால்ட்
அறுநூற்றுப் பதினெட்டு ஓடுகளை
நீளம், உயரம், தடிமன் என்று அளந்தாள்.
கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தாள்.
தடித்ததற்கும் ஒல்லிக்கும் நடுவே இடைவெளியே இல்லை,
ஒரே கூட்டம், ஒரே சேறு.
ஆக ஒரு பெயர் போக வேண்டும்.
பழைய பெயரே நிற்கும் என்பது விதி.
இரண்டும் ஒரே நூலில், ஒரே நாளில் பிறந்தவை என்றால்
முதலில் திருத்துபவர் எதைச் சொல்கிறாரோ அது.
அவள் லிடியாவைச் சொன்னாள்.
விதி காரணம் கேட்பதில்லை,
அவளும் எழுதவில்லை.

அவள் அளந்த தட்டுகளில் ஒன்றைப் புரட்டினேன்.
பின்பக்கம் பென்சிலில்:
சேகரித்தவர் ஜி. சால்ட்.
வெட்டன்ஹால் நான்காம் குழி.
கூரை சரிந்தபோது.

வேறு கையெழுத்தில் தேதி.
அதற்குப்பின் தேதியிட்ட எந்தத் தட்டிலும்
ஜி. சால்ட் இல்லை.
நான் தேடினேன், மதிய உணவைத் தள்ளிவைத்துவிட்டு.

பின்பு யாரோ லீட்ஸிலிருந்து வந்து
லிடியாவை ஆந்த்ரகோசியா குடும்பத்துக்கு மாற்றினார்.
கா. போய் ஆ. ஆனது,
கல்யாணத்துக்கு மறுநாள்
ரேஷன் கார்டில் என் அத்தை மகளுக்கு ஆனதுபோல.
பெயர் வைத்த மேச்சினை
அடைப்புக்குறிக்குள் உட்கார வைத்தார்கள்.
அதுதான் வழக்கம்:
பிள்ளை வீடு மாறினால் பெயரிட்டவருக்கு வேலி.

பழைய சீட்டு எதையும் வீசக்கூடாது.
தட்டில் இப்போது நான்கு சீட்டுகள்,
மருத்துவரின் பழுப்பு மை, மிஸ் சால்ட்டின் நீலம்,
தட்டச்சு, என் பார்கோடு.
ஓடு எல்லாவற்றுக்கும் அடியில்.
இழுப்பறை சரியாக மூடமாட்டேன் என்கிறது.

கடைசித் தட்டில் ஒன்று,
பாதி ஓடு, கீல்முனை உடைந்தது.
எந்த அட்டவணையிலும் பொருந்தவில்லை.
பெயர்க் கட்டத்தில் கா. என்று எழுதி
புள்ளி வைத்து
அதற்குமேல் விட்டுவிட்டேன்.

ஐந்தரைக்குக் காவலர் பாஸில் விளக்கை அணைக்க வந்தார்.
"மிஸ் கோதண்டம், கிளம்பலாமா?"
அப்பாவும் நானும் படியேறினோம்.